இரண்டு பேரில் ஒருத்தி

வள்ளித்தாயைப் பற்றி எழுதுகிறேன். பெயரைப் போட்டுக்கொள்ளச் சொன்னது அவள்தான். என் பெயரைப் போட எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. நான் இப்போதும் அதே பட்டாசுக் கம்பெனிக்குத்தான் போகிறேன்.

அச்சங்குளத்துக்காரி. வயது நாற்பத்தாறு. புருஷன் சங்கிலிமுத்து லாரியில் லோடு ஏற்றுகிறவர். வேலைக்குப் போகிற வேனில் ஜன்னலோரம் உட்காராவிட்டால் அவளுக்குக் குமட்டும், அதனால் தினமும் அந்த இடத்துக்கு ஒரு சண்டை உண்டு. ஜெயித்த கையோடு சாத்தூர் சேவுப் பொட்டலத்தைப் பிரித்து, சண்டை போட்டவளுக்கே முதலில் நீட்டுவாள். யார் என்ன சொன்னாலும் பதில் சொல்லாமல் விடமாட்டாள். நான் அவளை மதினி என்று கூப்பிடுவேன்.

நாங்கள் பட்டாசுக்குள் வெடிமருந்து செலுத்தும் அறையில் இருந்தோம். சாயங்காலம் அறையைத் துடைத்துப் பூட்டுவது எங்கள் இருவர் பொறுப்பு. அன்றைக்குக் கலந்த மருந்தை அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும் என்பது இந்தத் தொழிலில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். ராத்திரி முழுக்க ஈரத்தில் கிடந்த மருந்து காலையில் கை பட்டாலே பற்றிக்கொள்ளும்.

போன வருஷம் சீசன் நேரத்தில் கம்பெனியை உள்குத்தகைக்கு எடுத்தவருக்கு ஆர்டர் முடிக்கிற அவசரம். நாலு பேர் உட்கார வேண்டிய அறையில் ஒன்பது பேர். மூன்று நாளாக மிச்ச மருந்தையும் மூடி வைத்துப் பூட்டச் சொன்னார் போர்மேன் பாண்டிமுருகன். எல்லோரும் போன பிறகு எங்கள் இருவரிடம் மட்டும் சொன்னார்.

"காலையில இதத் தொறக்கப் போறது நீங்களா, நானா?" என்று மதினி கேட்டாள்.

"ஒனக்கு வேல வேணுமா வேணாமா?" என்றார் அவர்.

புகார் சொல்வது இங்கே லேசான காரியமில்லை. சொன்ன ஆளைத்தான் முதலில் ஸ்டேஷனுக்குக் கூப்பிடுவார்கள். ஒரு கம்பெனியில் பெயர் கெட்டால் சுற்றுவட்டாரத்தில் எந்த வேனும் ஏற்றாது. அதனால் ஞானபூரணி சிஸ்டரிடம் போனேன். சாத்தூரில் ஒரு கிளினிக்கில் நர்ஸ். தீக்காயத்துக்குக் கட்டுப் போட்டுப் போட்டு மனம் வெறுத்துப்போனவர். நம்பர் காட்டாத, ஒரே நாளில் தானாக அழிந்துபோகிற மெசேஜ் அனுப்ப அவர்தான் என் போனில் ஏற்பாடு செய்து கொடுத்தார். என்னைப் போன்றவர்கள் எழுதுவதை மதுரையில் நம்பிக்கையான ஆட்களுக்கு அனுப்புவார். அங்கிருந்து அதிகாரிகளுக்குப் போகும்.

"பேரு வேண்டாம். வாய்ஸ் வேண்டவே வேண்டாம், கொரலே காட்டிக் குடுத்துரும்" என்பார்.

அன்றைக்கு நான் எழுதியதைப் படித்துவிட்டு யோசித்தார். "மிச்ச மருந்து விஷயத்த எடுத்துருவமாம்மா? பூட்டுறவுகளுக்குத்தான இது தெரியும்?"

"அத எடுத்துட்டா எவன் சிஸ்டர் ஓடி வருவான்? ஒம்பது பேரு எல்லாக் கம்பெனியிலயுந்தான் இருக்காக."

அவர் அனுப்பிவிட்டார். என் பெயர் எங்கேயும் இல்லை என்ற நிம்மதியில் நான் தூங்கினேன். பூட்டுகிற இன்னொருத்தியை நினைக்கவே இல்லை. அந்தப் பாவம் என்னுடையது.

இரண்டாம் நாள் அதிகாரிகள் வந்து அறைக்குச் சீல் வைத்தார்கள். சாயங்காலத்துக்குள் புகாரின் நகல் பாண்டிமுருகனின் போனுக்கு வந்துவிட்டது. எந்தப் புண்ணியவான் அனுப்பினானோ, அவன் கை விளங்காமல் போக! பெயர் இல்லை, நம்பர் இல்லை. ஆனால் மிச்ச மருந்து என்ற வரியில் அவர் கண் நின்றது.

எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் வேன் நின்ற பக்கம் திரும்பிக்கொண்டேன். "அன்னைக்கு எதுத்துப் பேசுனது நீதான?" என்று மதினியைக் கேட்டார். எதற்கும் பதில் வைத்திருக்கிறவள் வாயே திறக்கவில்லை. தூக்குவாளியை எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டி நடந்தாள். மறுநாள் ஸ்டேஷனில் சாயங்காலம் வரை உட்கார வைத்து, எழுதினது யார் என்று கேட்டார்களாம். அங்கேயும் அவள் எதுவும் சொல்லவில்லை.

அதன்பின் எந்த வேனும் அவளை ஏற்றவில்லை. காரியாபட்டிப் பக்கம் பருத்தி எடுக்கப் போனாள். நான் எட்டு மாதம் அவள் வீட்டுத் தெருவில் கால் வைக்காமல் சுற்றுவழியிலேயே போனேன். ஒருநாள் தாங்க முடியாமல் போய் நின்றேன். சோற்றை வடித்துக்கொண்டிருந்தாள்.

"மதினி, அத எழுதுனது நான்தான்."

"தெரியும்."

"எப்படி?"

"கோட்டிக்காரி, பூட்டுனது ரெண்டு பேரு. நான் எழுதல. பெறகு யாரு எழுதிருப்பா?"

இது ஏன் எனக்கு இத்தனை நாள் உறைக்கவில்லை என்று இப்போதும் வெட்கமாக இருக்கிறது. "போலீசுல என் பேரச் சொல்லியிருக்கலாமே" என்றேன், அழுகையோடு.

"சொன்னா? நீயும் வேலைய விட்டு வெளிய வருவ. பெறகு எவளாச்சும் எழுதுவாளா?" என்றவள், வடித்த பானையை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சொன்னாள்: "ஆனா எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்டி. எழுதுன்னுதான் சொல்லியிருப்பேன்."

அவள் திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும்.

இந்த வருஷம் சீசன் தொடங்கிவிட்டது. அறையைத் திறந்துவிட்டார்கள். இப்போது என்னோடு பூட்டுகிறவள் சொர்ணலட்சுமி, கல்யாணமாகி ஒரு வருஷம் ஆனவள். போன திங்கட்கிழமை மறுபடியும் மிச்ச மருந்தை மூடி வைக்கச் சொன்னார்கள். வேனை விட்டு இறங்கி நடக்கும்போது, போன வருஷம் நான் என்ன செய்தேன், அதனால் வள்ளித்தாய்க்கு என்ன ஆனது என்று எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். எழுதினால் நம் இருவரில் ஒருத்தி என்று தெரிந்துவிடும், எழுதட்டுமா என்று கேட்டேன்.

கோயில் முக்கு வந்ததும் அவள் நின்றாள்.

"உள்ள எத்தன பேருன்னு எழுதப் போறீக?" என்றாள்.

"பத்து."

"பதினொண்ணு, அக்கா. சரியா எழுதுங்க."