லீவரைப் பிடித்திருந்த கை

இது நடந்தது. நம்பினால் நம்புங்கள், இல்லையென்றால் இந்த இடத்திலேயே எழுந்து போங்கள். கையைப் பிடித்து உட்கார வைக்க மாட்டேன்.

நான் பேய் பிசாசுக்குப் பயந்து வளர்ந்தவன் இல்லை. அப்பா கல் உடைத்தார். அம்மா அதைத் தலையில் சுமந்தாள். பன்னிரண்டு வயதில் நானும் சுமந்தேன். ராத்திரி படுத்தால் அடித்துப் போட்ட மாதிரித் தூங்குவோம். பேயே வந்து கதவைத் தட்டியிருந்தாலும் "காலையில வா, இப்ப உடம்பு வலிக்குது" என்று சொல்லி அனுப்பியிருப்போம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இதில் நடுராத்திரி இல்லை, நாய் ஊளை இல்லை, விளக்கு அணையவில்லை. நடந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். மண்டையைப் பிளக்கிற வெயில். நேரத்தை எல்லாம் சரியாகச் சொல்வேன். சுவரில் கடிகாரம் இருந்தது, சட்டைப் பையில் போன் இருந்தது.

என்னிடம் ஒரு பழைய க்ரூசர் பைக் இருக்கிறது. நீளமான உடம்பு, தாழ்ந்த சீட், தூக்கிய ஹேண்டில். இருபத்திரண்டு வயசு. எஞ்சின் இன்னும் யானை மாதிரி. ஆனால் முன் சக்கரத்தில் அந்தக் காலத்து டிரம் பிரேக். அதன் லட்சணத்தை என் தங்கச்சி சொன்னால்தான் சரியாக இருக்கும்.

"அண்ணா, இதுல பிரேக்கை இன்னைக்குப் பிடிச்சா வண்டி நாளைக்கு நிக்கும்."

அவளுக்குத்தான் இப்போது அந்த வண்டி தேவைப்பட்டது. எங்கள் வீடு மேட்டில், குவாரிக்குப் பக்கத்தில். அவளுக்கு வேலை கிடைத்தது கீழே, குடிதண்ணீரைச் சோதிக்கிற லேபில். பதினோரு கிலோமீட்டர், முழுக்க இறக்கம், நாலு கொண்டை ஊசி வளைவு. திங்கட்கிழமை காலை ஆறரைக்கு அங்கே இருக்க வேண்டும். அந்த நேரத்துக்குப் பஸ் கிடையாது. எங்கள் வீட்டில் கல்லைத் தூக்காமல் சம்பளம் வாங்கப் போகிற முதல் ஆள் அவள்தான். அந்த இறக்கத்தில் அவளை அந்தப் பிரேக்கை நம்பி அனுப்ப எனக்கு மனசு வரவில்லை.

சனிக்கிழமை பழைய வண்டிகளை உடைத்து விற்கிற யார்டுக்குப் போனேன். அங்கே முதலாளியை எல்லோரும் துரு அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். சட்டை, தலைமுடி, சிரிப்பு எல்லாமே துருநிறம். அன்றைக்கு மனுஷன் அதிகம் பேசவில்லை. டிஸ்க் பிரேக் உள்ள முன் சக்கரம், டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற கேலிப்பர், ஆயில் போகிற ஹோஸ், மேலே ஹேண்டிலில் மாட்டுகிற ஆயில் டப்பா, லீவர் என்று ஒரே வண்டியிலிருந்து கழற்றிய முழு செட்டை எடுத்துக் கொடுத்தார். ஒரு கீறல் இல்லை. என் பழைய சக்கரத்தைப் பதிலுக்கு அவரே எடுத்துக்கொண்டார். ஆக, பின்வாங்க வழியில்லை. இந்த பிரேக் வேலை செய்தால்தான் திங்கட்கிழமை வண்டி.

ஞாயிறு மதியம் ஒன்றரைக்கு எல்லாம் மாட்டியாகிவிட்டது. வீட்டுக்கு அடியில் இருக்கிற ஷெட்தான் என் பட்டறை. வெயிலுக்காக ஷட்டரைப் பாதி இறக்கி வைத்திருந்தேன். பாக்கி இருந்தது ஏர் எடுப்பது மட்டும்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். டிஸ்க் பிரேக் ஆயிலால் வேலை செய்கிறது. ஆயிலுக்கு நடுவில் காற்று மாட்டிக்கொண்டால் லீவர் பஞ்சு மாதிரி அமுங்கும், வண்டி நிற்காது. அந்தக் காற்றை வெளியே எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேலே லீவரை அழுத்திப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் கீழே உட்கார்ந்து, கேலிப்பரில் இருக்கிற சின்ன நிப்பிளை ஸ்பேனரால் திறக்க வேண்டும். நிப்பிளில் மாட்டிய டியூப் வழியாக ஆயிலோடு குமிழ் பாட்டிலுக்குள் வரும். நிப்பிளை மூடின பிறகுதான் மேலே இருப்பவர் விடலாம். முன்னாடியே விட்டால் காற்று திரும்ப உள்ளே போய்விடும். அதனால் கீழே இருப்பவர் சொல்வார், மேலே இருப்பவர் கேட்பார். "பிடி." "விடு." அவ்வளவுதான் பாஷை.

தங்கச்சிதான் மேலே. இரண்டு தடவை முன்னாடியே விட்டுவிட்டாள்.

"அவசரக்குடுக்கை! நாளைக்கு உயிர் போறது உனக்குத்தான், எனக்கில்ல."

"வேலைக்குச் சேர்ற அன்னைக்கு முன்னாடி நாள் சொல்ற வார்த்தையா இது? போ. நான் போட்டோக் கடைக்குப் போயிட்டு வர்றேன். சேர்றதுக்குப் போட்டோ கேட்டிருக்காங்க."

"சீக்கிரம் வா."

"வந்து உன் மூஞ்சியைப் பார்க்கணுமே, அதான் யோசிக்கிறேன்."

போய்விட்டாள். மணி 1.50.

நான் நிப்பிளில் மாட்டியிருந்த டியூபைக் கழுவினேன். பாட்டிலில் புது ஆயில் ஊற்றினேன். மறுபடி முன் சக்கரத்துக்குப் பக்கத்தில், இடதுபுறம், தரையில் உட்கார்ந்தேன். அங்கே உட்கார்ந்தால் தலைக்கு மேலே ஹெட்லைட். வலது பக்கத்து லீவர் கண்ணில் படாது.

2.10. மேலே சத்தம்.

க்ளக்… க்ளக்…

லீவரை யாரோ பம்ப் செய்கிறார்கள்.

"வந்துட்டியா?"

பதில் இல்லை. கோபம் தீரவில்லை போல. பரவாயில்லை, வாய் இல்லாமல் இருந்தால் வேலை நடக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

"பிடி."

பிடித்தாள். நிப்பிளைத் திறந்தேன். ஆயில் சீறிக்கொண்டு வந்தது. டியூபே பிடுங்கிக்கொண்டு போய்த் தரையில் விழுந்தது. அவ்வளவு வேகம்.

"அடேயப்பா! தின்ன சோறு இப்பதான் கைக்கு வந்துச்சா?"

மூடினேன். "விடு."

உடனே விடவில்லை. மூன்று எண்ணுகிற நேரம் கழித்து, மெதுவாக… ஸ்ஸ்ஸ்… என்று லீவர் திரும்பியது. நல்லதுதான், சொன்னது மண்டையில் ஏறியிருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன்.

"பிடி."

அதே வேகம். குமிழ் குமிழாக வந்தது. மூடினேன்.

"விடு."

இந்த முறை பத்து எண்ணலாம். அப்புறம்தான் விட்டது.

"பிடி."

பிடித்தது.

மூடினேன். "விடு."

…

"விடுன்னேன்ல?"

…

சக்கரத்தின் கம்பிகளுக்கு நடுவே அந்தப் பக்கம் பார்த்தேன். அவள் கால் தெரியவேண்டும். செருப்பு தெரியவேண்டும்.

சிமெண்டுத் தரை தெரிந்தது. ஷட்டருக்குக் கீழே வெயில் தெரிந்தது.

கால் இல்லை.

சட்டைப் பையில் போன் அடித்தது. 2.21.

"அண்ணா, போட்டோக் கடையில ஒரே கூட்டம். இன்னும் அரை மணி ஆகும். ஹலோ… கேக்குதா?"

"கேக்குது" என்றேன்.

எழுந்தேன். வண்டியைச் சுற்றி வலது பக்கம் வந்தேன்.

லீவர் ஹேண்டிலோடு ஒட்டிக் கிடந்தது. முழுக்க அமுங்கி. அதைப் பிடித்தபடி அங்கே யாரும் இல்லை.

லீவரில் ஏதோ பளபளத்தது. ஆயில் கசிகிறதோ என்று தொட்டேன். ஆயில் இல்லை. வழவழப்பே இல்லை.

வியர்வை.

லீவர் சூடாக இருந்தது. வெயில் சூடு இல்லை. காய்ச்சல்காரனின் கையைப் பிடித்தால் இருக்குமே, அந்தச் சூடு.

உள்ளே ஏதோ துடித்தது.

டுக்… டுக்… டுக்…

ஓடியிருக்கலாம். ஷட்டர் பாதி திறந்துதான் இருந்தது, ஆறே அடி. ஓடினால் நாளைக்குக் காலையில் என்ன செய்வது? தங்கச்சி வேலைக்குப் போகவில்லை என்றால் அந்த இடம் வேறு ஆளுக்கு. அப்புறம் அவளும் தலையில் சும்மாடு வைத்துக் கல் சுமக்க வேண்டியதுதான். எனக்குப் பயத்தைவிடக் கோபம்தான் அதிகமாக வந்தது.

"யாரா இருந்தாலும் சரி" என்றேன். சத்தமாகவே சொன்னேன். "இது என் பட்டறை. வேலையைக் கெடுக்காதே."

கிர்ர்ர்…

இன்னும் அழுத்தியது. ஹேண்டில் ரப்பர் நாலு இடத்தில் உள்ளே அமுங்கியது. என் கண்ணால் பார்த்தேன். நாலு விரல்.

இப்படியே அழுத்தினால் உள்ளே ஆயிலைக் கசியாமல் அடைத்து வைத்திருக்கிற சீல் கிழிந்துவிடும். சீல் போனால் பிரேக்கே போச்சு. நான் இரண்டு கையாலும் லீவரைப் பிடித்து வெளியே இழுத்தேன். சக்கரத்தில் காலை உதைத்துக்கொண்டு இழுத்தேன். ஐம்பது கிலோ கல்லை ஒற்றை ஆளாய்த் தூக்குகிறவன் நான்.

நூலளவுகூட அசையவில்லை.

2.30. 2.33. விட்டு விட்டு இழுத்தேன். கெஞ்சவில்லை. திட்டினேன். வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன்.

"விடு!"

டுக்… டுக்…

"விடுடா!"

டுக்… டுக்… டுக்…

ஹோஸ் விடைத்தது.

எனக்கு என்ன தோன்றியதோ தெரியாது. மூச்சு வாங்க, அந்த லீவரைப் பார்த்துக் கத்தினேன்.

"வண்டி நின்னு போச்சுடா! ஸ்டாண்டு போட்டு நிக்குது! இன்னும் எதுக்குடா பிடிச்சிட்டிருக்க? போதும், விடு!"

துடிப்பு நின்றது.

ஒரு விரல்… ரப்பர் மேலே எழும்பியது.

இன்னொரு விரல்.

இன்னொன்று.

டக்.

லீவர் திரும்பியது.

அதே நொடி போன் மறுபடி அடித்தது. தங்கச்சிதான். போட்டோவுக்கு வெள்ளைச் சட்டையா, நீலச் சட்டையா என்று கேட்டாள். அந்த அழைப்பு இன்னும் என் போனில் இருக்கிறது. 2.38.

லீவரைத் தொட்டுப் பார்த்தேன். வெறும் இரும்பு. சூடு இல்லை, ஈரம் இல்லை.

மூன்று மணிக்கு அவள் வந்தாள். "பிடி" என்றேன். பிடித்தாள்.

"ஐயோ, கல்லு மாதிரி இருக்கு! தனியாவே முடிச்சிட்டியா?"

"ம்."

"ஏன் மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?"

"என் மூஞ்சி எப்பவும் இப்படித்தான்."

நாலு மணிக்கு நானே அந்த இறக்கத்தில் ஓட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் இரண்டு விரல் வைத்தால் போதும், சொன்ன இடத்தில் நின்றது. திங்கட்கிழமை காலை 6.22க்கு அவளிடமிருந்து செய்தி வந்தது. "வந்து சேர்ந்துட்டேன்ணா."

நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் திமிர்கூட வந்தது. எதுவாக இருந்தால் என்ன, வேலை வாங்கிக்கொண்டு துரத்திவிட்டேன் அல்லவா?

பத்து நாள் கழித்து, ஒரு புதன்கிழமை, பின்னால் பார்க்கிற கண்ணாடி ஒன்று வாங்கத் துரு அண்ணனின் யார்டுக்குப் போனேன். அவர் ஒரு டயர்மேல் உட்கார்ந்திருந்தார். தாடி வளர்ந்திருந்தது.

"பிரேக் எப்படி இருக்கு?" என்றார்.

"நல்லாப் பிடிக்குது. அது யாரு வண்டிண்ணே?"

"என் மச்சினன் வண்டி. பொண்டாட்டிக்குத் தம்பி." கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். "ஒரு குழந்தை குறுக்கே ஓடி வந்துச்சாம். பிரேக் பிடிச்சு நிறுத்திட்டான். குழந்தைக்கு ஒண்ணும் ஆகல. பின்னாடி வந்த லாரிக்காரன் நிறுத்தல."

நான் எதிர்பார்த்ததுதான். செத்தவனின் வண்டி. அப்படித்தான் இருக்கும் என்று எனக்குள் முடிவே செய்து வைத்திருந்தேன்.

"எப்ப செத்தாரு?"

"ஆஸ்பத்திரியில மூணு வாரம் கிடந்தான். அந்தச் செலவுக்குத்தான் வண்டியைக் கழற்றி வித்தேன். போன ஞாயித்துக்கிழமைக்கு முந்தின ஞாயிறு போயிட்டான்."

நாளை விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன்.

"அப்ப நான் செட் வாங்கிட்டுப் போன சனிக்கிழமை…"

"உயிரோடதான் இருந்தான். நினைவில்ல, ஆனா வலது கையை மட்டும் இறுக்கி மூடியே வச்சிருந்தான். நர்ஸ் ரெண்டு பேர் சேர்ந்தாலும் திறக்க முடியல. அந்த ஞாயிறு காலையிலதான் டாக்டர் கூப்பிட்டுச் சொன்னாரு. கையில பலம் கூடிட்டே வருது, நல்ல அறிகுறி, பிழைச்சுக்குவான்னு. என் பொண்டாட்டி அந்தக் கையைப் பிடிச்சிட்டே உட்கார்ந்திருந்தா. மத்தியானம் திடீர்னு ஒவ்வொரு விரலா அவனே திறந்துட்டான். யாரோ சொல்லித் திறந்த மாதிரி இருந்துச்சுன்னு சொல்லிச் சொல்லி அழறா. அதோட போச்சு."

"எத்தனை மணிக்கு?"

சட்டைப் பையிலிருந்து ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்து நீட்டினார். கிரீஸ் படிந்த விரலை அந்த வரிக்குக் கீழே வைத்தார்.

2.38.

கண்ணாடி வாங்காமலே திரும்பிவிட்டேன்.

பிரேக்கை நான் கழற்றவில்லை. கழற்றவும் மாட்டேன். தங்கச்சி தினமும் அந்த இறக்கத்தில் போகிறாள், வருகிறாள். அவளிடம் சொல்லவும் மாட்டேன். யாரும் என்னிடம் வந்து நியாயம் கேட்க வேண்டாம். நான் என் தங்கச்சிக்காகக் கத்தினேன். அவனுக்கு ஒரு அக்கா இருந்ததும், அந்த நேரத்தில் அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததும் எனக்கு எப்படித் தெரியும்?