நான் நொறுக்கிய ஐ ஷேடோ

நான் பழவேற்காடு பக்கத்துக் குப்பத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர். மணப்பெண்களுக்கு மேக்கப் போடும் என் மகள், டப்பாக்களில் பசையால் ஒட்டியிருக்கும், இமைக்குப் பூசும் ஐ ஷேடோ வில்லைகளை எடுத்து ஒரே பெட்டியில் அடுக்குவாள். படகில் கொண்டுபோக அதுதான் வசதி.

ஒரு கல்யாணத்துக்கு முதல் நாள், உதவுவதாக நினைத்து, ஒரு டப்பாவை வலை அறுக்கும் கத்தியால் நெம்பினேன். மணப்பெண் ஆசைப்பட்டுக் கேட்டிருந்த அரக்கு நிற வில்லை நொறுங்கிவிட்டது. அந்த நிறத்தில் வேறு இல்லை.

"மட்டிச் சிப்பியகூட வேகவச்சுதானே தொறப்போம், நைனா? சூடு பண்ணா பசை இளகும்னு வாத்தியாருக்குத் தெரியாதா?" என்றாள்.

அவள் தூளைத் திரட்டி, சில சொட்டு ஸ்பிரிட் விட்டு, துணி சுற்றிய நாணயத்தால் அழுத்திக் காயவைத்தாள். மறுநாள் மணப்பெண்ணின் இமைகளில் அந்த நிறம் மின்னியபோது, பக்கத்தில் இருந்தவர்களிடமெல்லாம், "என் மகள் போட்டது" என்றேன்.

இப்போதெல்லாம் டப்பாவைத் தோசைக்கல்லில் சூடாக்கிக் கொடுப்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். வில்லையை அவள்தான் எடுப்பாள்.