கைக்கு எட்டாத கோடு

நாலு வருஷத்துக்கு முன்னால், ஆடி மாத வெயிலில், அமீரகத்தில் அல் ஐன் நகரத்துக்கு வெளியே மலையடிவாரத்தில் நடந்தது இது. நான் எட்டாவது வரைதான் படித்தேன். ஆனாலும் இதை உங்களுக்கு எழுதியே தீர வேண்டும், பிள்ளைகளே.

அங்கே ஒரு வாதியின் குறுக்கே பாலம் கட்டிக்கொண்டிருந்தோம். வாதி என்றால் காட்டாறு. அதில் தண்ணீர் ஓடி எங்களில் யாரும் பார்த்ததில்லை. எங்களுக்கு அது வெறும் மணலும் கூழாங்கல்லும்தான். கம்பி கட்டும் ஆட்களுக்கு நான் சார்ஜ்ஹேண்ட், நம் ஊர் மேஸ்திரி மாதிரி. கோடையில் உச்சி நேரத்தில் வெயிலில் வேலை செய்யக் கூடாது என்பது அங்கே சட்டம். அந்த நேரம் படுத்து எழ ஒரு கொட்டகை போட்டிருந்தோம். மேட்டில் அனல் அடிக்கும் என்று வாதிக்குள்ளேயே, பாலத்துச் சுவரின் நிழலில் போட்டோம்.

எங்கள் சைட்டின் சர்வேயர் ஒரு ஸ்காட்லாந்துப் பெண். வயதில் என்னைவிட ரொம்பச் சின்னவர். ஒரு நாள் டீ நேரத்தில் வந்தவர், கொட்டகையைப் பார்த்ததும் முகம் மாறிப்போனார். பாதி இங்கிலீஷ், பாதி இந்தியில் தன் ஊர்க் கதையைச் சொன்னார்.

அது ஆற்றங்கரைக் கிராமமாம். ஒரு காலத்தில் ஆற்றை ஒட்டி நெசவாளர் வீடுகள் ஒரு தெரு நிறைய இருந்தனவாம். மலையில் பனி உருகி, மழையும் சேர்ந்துகொண்ட ஒரு நாளில் ஆறு அந்தத் தெருவையே வாரிக்கொண்டு போய்விட்டது. இப்போது அங்கே புல்தான். அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளத்துக்கும், தண்ணீர் ஏறின உயரத்தில் பாலத்துக் கல்தூணில் ஒரு கோடு வெட்டி, பக்கத்தில் வருஷத்தைச் செதுக்குகிறார்கள். பள்ளியில் புதிதாகச் சேரும் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போய், கையைத் தூக்கி உச்சிக் கோட்டைத் தொடச் சொல்வார்களாம். ஒரு பிள்ளைக்கும் எட்டாது. அந்தக் கோட்டுக்குக் கீழே ஊரில் யாரும் வீடு கட்டுவதில்லை. எங்கள் ஊர்ச் சரித்திரம் இவ்வளவுதான், ராஜா கதையெல்லாம் கிடையாது என்று சிரித்தார்.

பிறகு வாதிக்குள் நின்ற முள்மரத்தைக் காட்டினார். நம் கருவேல மரம் மாதிரி இருக்கும். அதன் மேல்கிளைகளில் காய்ந்த சருகும் கிழிந்த பிளாஸ்டிக்கும் கற்றையாகச் சிக்கியிருந்தன. காற்று கொண்டுவந்து போட்டது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். கிட்டே போய் நின்று கையை உயர்த்தினேன். எட்டவில்லை. அப்படியானால் தண்ணீர் அவ்வளவு உயரத்தில் ஓடியிருக்கிறது.

கொட்டகையை மேட்டுக்கு மாற்றுவோம் என்றேன். ஃபோர்மேன், "டியூட்டி நேரத்துல மாஃபி, முடியாது. உங்க பிரேக்ல செஞ்சுக்குங்க" என்று சொல்லிவிட்டார். எங்கள் ஆட்களில் ஒரு கடலூர்க்காரர் உண்டு, வாய் ஓயாதவர்.

"ஏண்ணே, அந்தம்மா ஊர்ல ஆறு ஓடுது. இங்க என்ன, ஒட்டகம் நீந்தியா வரப்போவுது?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் வாதம் செய்யவில்லை. மறுநாள் உச்சி நேரத்தில் தனியாளாக ஒவ்வொரு தகரமாகக் கழற்றி மேலே தூக்க ஆரம்பித்தேன். கை பொரிந்தது. மூன்றாவது தகரத்துக்கு இரண்டு பேர் எழுந்து வந்தார்கள். அப்புறம் எல்லோரும் வந்துவிட்டார்கள், கடலூர்க்காரர் மட்டும் வரவில்லை. கீழே சுவர் நிழலிலேயே தலையணையைப் போட்டுப் படுத்துக்கொண்டார்.

நான் விடவில்லை. தினமும் இறங்கிப் போய் எழுப்பி மேலே கூட்டிவருவேன். தினமும் என்னைத் திட்டிக்கொண்டே வருவார்.

சில நாள் போயிருக்கும். எங்கள் தலைக்கு மேல் வானம் நீலமாக இருந்தது. தூரத்தில் மலைப்பக்கம் மட்டும் கறுத்துக்கொண்டு வந்தது. இறங்கிப் போய் அவர் கையைப் பிடித்து இழுத்தேன்.

"உங்களோட பெரிய ரோதனையாப் போச்சுண்ணே! நிம்மதியாக் கண்ண மூட வுட மாட்டீங்களா?"

"மேல வந்து திட்டுப்பா. வா."

தலையணையோடு ஏறி வந்தார். மேட்டில் நின்று எங்கள் சண்டை நடந்துகொண்டிருந்தபோதே, டிப்பர் லாரி ஜல்லி கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம். அந்தப் பக்கம் திரும்பினால், செம்மண் நிறத்தில் தண்ணீர் சுவர் மாதிரி உருண்டு வருகிறது. ஒரு துளி மழை இல்லை எங்கள் மேல். கண்ணை மூடித் திறப்பதற்குள் அவர் படுத்திருந்த இடம் போய்விட்டது.

தலையணையைக் கட்டிப்பிடித்தபடி கடலூர்க்காரர் என் பக்கம் திரும்பினார்.

"அண்ணே... செருப்பு கீழ இருந்துது."

வெள்ளம் வடிந்ததும் சர்வேயரம்மா சிவப்பு பெயின்ட் கொண்டுவந்தார். பாலத்துச் சுவரில், என் தலை உயரத்தில் ஈரத்தடம் இருந்தது. அதன் மேல் கோடு போட்டு வருஷத்தை எழுதியது கடலூர்க்காரர்தான். வேறு யாரையும் பிரஷ்ஷைத் தொடவிடவில்லை அவர்.

போன குளிர்காலத்தில் என் மனைவியும் மகளும் விசிட்டில் வந்திருந்தார்கள். இரண்டாவது படிக்கும் மகளை அந்தச் சுவரிடம் கூட்டிப்போய், தொடு பார்க்கலாம் என்றேன். எக்கி எக்கிப் பார்த்தாள்.

"எட்டலப்பா. தூக்கி விடுங்க."

எதைக் கேட்டாலும் செய்கிறவன் நான். அன்றைக்கு மட்டும் தூக்கிவிடவில்லை. தன் கை எங்கே நின்றது, தண்ணீர் எங்கே நின்றது என்பதை அவள் அண்ணாந்து பார்த்தே தெரிந்துகொள்ளட்டும் என்று பக்கத்திலேயே நின்றேன். இனி நான் எந்த சைட்டுக்குப் போனாலும், பாயை விரிக்கும் முன் முதலில் தேடுவது தண்ணீர் ஏறி நின்ற அந்தக் கோட்டைத்தான்.