பெயர் போடாமல் எழுதிய பதிவு

பெயர் போடாதே, படம் போடாதே, பின்னூட்டத்தில் மரியாதை வேண்டும். எங்கள் பன்னிரண்டாம் வகுப்பு வலைப்பூவுக்குக் கம்ப்யூட்டர் மிஸ் போட்ட மூன்று சட்டங்கள் இவை. மூன்றையும் நான் ஒழுங்காகக் கடைப்பிடித்தேன். அந்த எரிச்சல்தான் இன்றும் அடங்கவில்லை. சட்டத்தை மீறி மாட்டியிருந்தால் ஒரு திட்டோடு போயிருக்கும்.

வில்லியனூரில் இருந்தது எங்கள் பள்ளி. பாதிப் பேர் சுற்று ஊர்களிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள். என் பெஞ்சுத் தோழியும் அப்படித்தான். நடவு வந்தால் அவள் வகுப்புக்கு வரமாட்டாள். அவர்கள் தெருப் பெண்கள் கும்பலாகச் சேர்ந்து நடவுக்குப் போவார்கள். வீட்டுக்கு ஒரு ஆள் போயாக வேண்டும். வராத வீட்டை அடுத்த நடவுக்குக் கூப்பிட மாட்டார்கள். அவள் அம்மாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டதால் இவள் வயலில் இறங்கினாள். பள்ளிக்குக் காய்ச்சல் என்று லீவு லெட்டர் போகும். அந்த லெட்டர்களை எழுதிக் கொடுத்தவள் நான். என் கையெழுத்து அழகு என்று எனக்கு ஒரு நினைப்பு.

'நான் வியக்கும் ஒருவர்' என்று மிஸ் தலைப்புக் கொடுத்தார். எல்லாரும் விஞ்ஞானிகளைப் பிடித்துக்கொண்டார்கள். நான் அவளை எழுதினேன். சேற்றில் ஊறிய விரலோடு கணக்குப் போடுகிறாள், காய்ச்சல் என்று சொல்லும் நாளெல்லாம் அம்மாவுக்குப் பதிலாக நாற்று நடுகிறாள் என்று உருகி உருகி எழுதினேன். சத்தியமாகப் பாராட்டுதான். ஆனால் அவளிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவே இல்லை. பாராட்டுவதற்கு யாராவது அனுமதி கேட்பார்களா என்று இருந்திருக்கிறேன், மடச்சி.

மிஸ் காரைக்காலிலிருந்து மாற்றலாகி வந்தவர். பெயர் இல்லாவிட்டால் ஆள் தெரியாது என்று அவர் நம்பியதில் குற்றமில்லை. எனக்கு எங்கே போயிற்று புத்தி? எங்கள் பக்கத்தில் பெயரைச் சொல்லியா ஆளைக் காட்டுகிறோம்? இடுப்புவலிக்காரி மகள் என்றால் போதும், பஸ் கண்டக்டர்கூட ஆளைச் சொல்லிவிடுவார்.

ஆளுக்கு இரண்டு பின்னூட்டம் எழுதினால்தான் மதிப்பெண். எழுதித் தள்ளினார்கள். 'வணக்கம் தோழி. அருமையான பதிவு. அந்தச் சகோதரியின் துயரம் நெஞ்சைத் தொட்டது' என்று ஒருவன் எழுத, அதையே நாலு பேர் காப்பியடித்தார்கள். மறுநாள் வகுப்பே அவளைப் பாவமாகப் பார்த்தது. கிண்டல் செய்திருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பாள், வாய் நீளம் அவளுக்கு. பாவப்படுகிறவர்களை என்ன செய்வது? ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

பதிவு பிரின்சிபால் மேடம் கண்ணிலும் பட்டது. பாராட்டத்தான் கூப்பிடுகிறார் என்று நிமிர்ந்து நடந்து போனேன். மேஜைமேல் லீவு லெட்டர்கள், எல்லாம் என் அழகான கையெழுத்தில். எங்கள் வகுப்பாசிரியரான கணக்கு சார் தலை குனிந்து நின்றார். இனி டாக்டர் சீட்டு இல்லாமல் அவளுக்கு லீவு கிடையாது, இன்னும் சில நாள் வராவிட்டால் பொதுத்தேர்வே எழுத முடியாது என்று முடிவாயிற்று.

வராண்டாவில் சார் என்னை நிறுத்தினார்.

"எனக்குத் தெரியாமலா அந்த லெட்டர வாங்கிகினு இருந்தேன்? தெரியாத மாதிரி இருந்தேம்மா. நீ ஊருக்கே சொல்லிட்ட."

சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் அவளிடம் ஓடினேன். என் வாயில் வந்த முதல் வார்த்தை மன்னிப்பு இல்லை.

"உன் பேரே போடலடி!"

"பேரு போட்டிருந்தாகூட தப்பிச்சிருப்பேன். நம்ம க்ளாஸ்ல என் பேர்ல ரெண்டு பேரு கீறோம். நீ எழுதனது என்னை மட்டுந்தான்."

பதிவை அன்றே அழித்தேன். படித்தவர்கள் மண்டையிலிருந்து எதை அழிப்பது? அவள் தினமும் பள்ளிக்கு வந்தாள். அவள் அம்மா இடுப்பில் துணியை இறுகக் கட்டிக்கொண்டு வயலுக்குப் போய், இரண்டாம் நாளே முடியாமல் திரும்பிவிட்டார். அடுத்த நடவுக்கு அந்த வீட்டைக் கூப்பிடவில்லை.

அடுத்த வாரம் வலைப்பூவுக்கு ஒரு மன்னிப்புப் பதிவு எழுதினேன். இந்த முறை முதலில் அவளிடம் காட்டினேன். இரண்டு தடவை படித்தாள்.

"இதையும் போடாத. மன்னிப்ப என்னாண்ட கேளு. ஊராண்ட இன்னாத்துக்கு கேக்குற?"

எனக்குக் கோபம்கூட வந்தது. எவ்வளவு நன்றாக எழுதியிருந்தேன்! பிறகு ஒருவழியாக, தரையைப் பார்த்துக்கொண்டு, மன்னித்துவிடு என்றேன். பஸ் வந்தது. அவள் ஏறிப் போய்விட்டாள். தேர்வு எழுதி நன்றாகவே தேறினாள், ஆனால் வருடம் முடியும்வரை வேறு பெஞ்சில்தான் உட்கார்ந்தாள்.

இத்தனை வருடம் கழித்து இந்தக் கதையை எழுதியதும் அவளுக்கு அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துப் போன் செய்தாள்.

"எங்க ஊரு பேர எடுத்துடு. அப்புறம், அந்தப் பதிவுக்கு எவ்ளோ மார்க் வாங்கன? அத மட்டும் ஏன் எழுதாம வுட்ட?"

ஊர்ப் பெயரை எடுத்துவிட்டேன். மதிப்பெண்ணை நான் மறக்கவில்லை, வேண்டுமென்றேதான் விட்டிருந்தேன்.

பத்துக்குப் பத்து.