நாற்பத்து மூன்றால் வகுத்த கார்

எண்பத்தாறு இன்ச்.

1974 மார்ச் 19, செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, பதுளை பஸார் வீதியில் நின்ற ஒரு பச்சை மொரிஸ் மைனர் காரின் முன்சில்லு நடுவிலிருந்து பின்சில்லு நடுவரை நளீரா அளந்த நீளம் அது. தையல் டேப் அறுபதோடு முடிந்துவிடும். அதனால் அறுபதில் நிறுத்தி, கதவின் அடியில் சோக்கட்டியால் ஒரு கோடு போட்டு, அங்கிருந்து மீதி இருபத்தாறையும் அளந்தாள்.

வயது முப்பத்து நாலு. தலையில் முக்காடு, வாயோரத்தில் இரண்டு குண்டூசி, காதில் பென்சில். பஸாரில் பாதிப் பேருக்கு அவள் தைத்த சட்டைதான் உடம்பில் இருந்தது. அப்படிப்பட்டவள் வீதியில் இறங்கி ஒரு காருக்கு அளவெடுப்பதை யாரும் அதுவரை பார்த்ததில்லை. ஐந்து நிமிடத்தில் கூட்டம் சேர்ந்துவிட்டது. எதிர்க்கடை மரக்கறிக்காரர் தராசைக் கீழே வைத்துவிட்டே வந்தார்.

"காருக்குச் சட்டையா ராத்தா? கை வச்சதா, கை இல்லாததா?" என்று கேட்டார்.

"கழுத்தளவு எடுத்துட்டுச் சொல்றேன்," என்றாள் நளீரா, ஊசியை வாயிலிருந்து எடுக்காமலே.

கூட்டம் சிரித்தது. கடை வாசலில் நின்ற அவள் கணவர் ஷுக்ரி மட்டும் சிரிக்கவில்லை. அலுமாரியில் ஏதோ தேடுகிறவர் மாதிரி முகத்தை உள்ளே திருப்பிக்கொண்டார்.

அளந்து முடித்து நளீரா உள்ளே போனாள். தையல் மெஷின் பலகைமேல் ஒரு பொம்மைக் கார் இருந்தது. அதுவும் மொரிஸ் மைனர்தான். இங்கிலாந்தில் வார்த்த துத்தநாக உலோகக் கார், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அதன் சில்லுகளின் நடுவே டேப்பைப் பிடித்தாள்.

இரண்டு இன்ச். ஒரு நூல் கூடவுமில்லை, ஒரு நூல் குறையவுமில்லை.

எண்பத்தாறை இரண்டால் வகுத்தால் நாற்பத்து மூன்று. சந்தேகம் விடவில்லை. முன் பம்பரைச் சேர்க்காமல் மொத்த நீளத்தைப் பார்த்தாள். வீதிக் கார் நூற்று நாற்பத்தைந்து; பொம்மை மூன்றே காலுக்கு ஒரு நூல் கூடுதல். வகுத்தாள். மறுபடியும் நாற்பத்து மூன்று. அகலம், உயரம், கதவுப் பிடி இருக்கும் இடம், எதை வகுத்தாலும் அதே எண் வந்து நின்றது. கையிலிருந்த பென்சிலை மெதுவாகக் கீழே வைத்தாள். கடலுக்கு அப்பால், பெயர் தெரியாத யாரோ ஒருவர், இதேபோல ஒரு காரைச் சுற்றிச் சுற்றி வந்து அளந்திருக்கிறார். வெறும் விளையாட்டுச் சாமான்தானே என்று ஒரு நூலைக்கூட அவர் விட்டுவிடவில்லை. நளீராவுக்குக் கைமயிர் சிலிர்த்தது. மூன்று வருடமாகப் பொம்மைக் கார் பழுது பார்க்கிறாள். ஒரு காருக்குள் இன்னொரு கார் இப்படி மடிந்து கிடக்கும் என்று அன்றுதான் கண்டாள்.

அந்தப் பொம்மையைப் போன செவ்வாய்க்கிழமை கொண்டுவந்து கொடுத்தவர் வீரய்யா. பசறை வழியிலுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் துரையின் கார் டிரைவர். வெளியே நின்ற பச்சை மொரிஸை இருபத்து மூன்று வருடமாக ஓட்டியவர். வாராவாரம் செவ்வாயன்று தோட்டத்துக் கடிதங்களுக்காகப் பதுளைக்கு வருவார். வெள்ளைக்காரத் துரை குடும்பத்தோடு ஊருக்குப் போனபோது, பிள்ளைகளின் மேசை லாச்சியில் கிடந்த இந்தப் பொம்மையைத் துரைசாணி அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். முன் பம்பர் முறிந்து காணாமல் போயிருந்தது. டயர் நாலும் காய்ந்து வெடித்திருந்தன. கண்ணாடி இல்லை.

தோட்டத் தொழிலாளரை இந்தியாவுக்கு அனுப்பும் ஒப்பந்தப்படி வீரய்யாவுக்கு இந்தியப் பாஸ்போர்ட் வந்துவிட்டது. ஏப்ரல் நாலாம் திகதி, வியாழக்கிழமை காலை ரயிலில் அவரும் மனைவி பெரியாயியும் தலைமன்னாருக்குப் போக வேண்டும். அங்கிருந்து கப்பல். மகள் இராக்கம்மா மூன்று வருடத்துக்கு முன்பே போய், துறையூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டிருந்தாள்.

"எம்மக பொறந்தது இந்தக் கார்லதாங்க," என்றார் வீரய்யா, வெளியே நின்ற காரைக் காட்டி. "ஆஸ்பத்திரிக்கு வர்ற வழியில பின் சீட்டுல பொறந்தா. அத அங்க போய்ச் சொல்லியிருக்கா. மாமியா வீட்டுல ஒருத்தரும் நம்பல. தோட்டத்து லயத்து வீட்டுல பொறந்தவளுக்குக் காரு கேக்குதான்னு சிரிக்கிறாங்களாம். கடுதாசியில எழுதி அழுதிருக்கா." பொம்மையை இரண்டு கையாலும் நீட்டினார். "பெரிய கார நான் கொண்டு போக முடியாது. இதையாவது கொண்டு போய் முன்னால வைக்கணும். ஒரிஜினல் மாதிரியே இருக்கணும்மா. பாத்தா வாய மூடிக்கணும்."

ஒரிஜினல். அந்தச் சொல்லை நளீரா மனதில் குண்டூசியால் குத்தி வைத்துக்கொண்டாள்.

இந்த வேலை அவள் கைக்கு வந்தது இறக்குமதி நின்றதால். ஷுக்ரியின் கடையில் முன்பு பவுடர், கண்ணாடி, வளையலோடு பொம்மைக் கார்களும் விற்றார்கள். சாமான் வருவது நின்றதும், ஊரில் உடைந்து கிடந்த கார்களை ஆட்கள் திருப்பிக் கொண்டுவந்து, வேறு இருக்கிறதா என்று கேட்டார்கள். வேறு இல்லை. பழுது பார்த்துத் தருகிறேன் என்று உள்ளேயிருந்து நளீராதான் குரல் கொடுத்தாள்.

பாகம் எங்கே கிடைக்கும் என்று அவள் யோசிக்கவே இல்லை. தையல்காரிக்கு வெட்டுத்துண்டில் எது எதற்கு ஆகும் என்பது கண்ணிலேயே தெரியும். ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி, சட்டை தைக்க வரும்போதெல்லாம் ஊசிமருந்துக் குப்பிகளின் ரப்பர் மூடிகளைக் கழுவிக் கொண்டுவருவாள். குறுக்கே வளையமாக அரிந்தால் டயர். பிரெஸ் பட்டனின் ஒரு பாதி சில்லு மூடி. பழைய எக்ஸ்ரே படத்தைச் சலவைச் சோடாவும் சுடுநீரும் விட்டுத் தேய்த்தால் எலும்பெல்லாம் கரைந்து போய், லேசான நீலத்தில் கண்ணாடி. லைட்டுக்கு ஜிகினாப் பொட்டு. அச்சுக்குத் தலை வெட்டிய கம்பளி ஊசி.

ஒட்டுவது மட்டும் அவளுக்குப் பிடிக்காது. முதல் காருக்கு ஈயம் வைக்கப் போய், ஈயம் பிடிப்பதற்குள் மட்கார்டே உருகி வழிந்துவிட்டது. அன்றிலிருந்து தைக்கத் தொடங்கினாள். உண்மையாகவே தைத்தாள். உடைந்த மெஷின் ஊசியைக் கைத்துளைப்பானில் பூட்டி உலோகத்தில் இரண்டு துளை போடுவாள். மயிர்போன்ற செம்புக் கம்பியை உள்ளேயிருந்து கோத்து, பாகத்தைப் பிடித்துக் கட்டி, முடிச்சை உள்பக்கம் ஒளித்துவிடுவாள். வெளியே தையல் தெரியாது. பார்த்தவர்கள் காரைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள்.

வீரய்யாவின் காருக்குப் பம்பர்தான் பாக்கி. பின் பம்பர் பொம்மையிலேயே இருந்தது: இருபுறமும் சிறு கொம்பு வைத்தது. ஆனால் வீதியில் நின்ற காரின் முன் பம்பரில் கொம்பு இல்லை. வளைவும் அதிகம். நளீரா அதைக் கவனிக்காமல் இல்லை. முன்கழுத்தையும் பின்கழுத்தையும் ஒரே அளவிலா வெட்டுகிறோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கார் காட்டியபடியே அளந்தாள். நாற்பத்து மூன்றால் வகுத்தாள். உடைந்த குடையின் கம்பியில் ஒரு துண்டை வெட்டினாள். குடைக்கம்பி உள்ளே குழிந்தது, பம்பரும் அப்படித்தான். வளைத்து, அரமிட்டு, சாம்பலால் துலக்கித் தைத்தபோது, அது அந்தக் காரோடு பிறந்தது போலவே இருந்தது.

ஏப்ரல் இரண்டாம் திகதி மொஹிதீன் நானா வந்தார். கராஜ்காரர், அறுபதைத் தாண்டியவர். அந்தப் பச்சை மொரிஸுக்கு அடித்த பெயின்டில் கொஞ்சம் கேட்டு அனுப்பியிருந்தாள். பொம்மைக்கா என்று கேட்டுவிட்டு, டப்பாவைத் தானே தூக்கிக்கொண்டு பார்க்க வந்துவிட்டார். காரைக் கையில் எடுத்தார். கண்ணருகே கொண்டுபோனார். சில்லைச் சுண்டினார், அது சுழன்றது. பிறகு முன்பக்கத்தைத் திருப்பினார். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார்.

"தங்கச்சி, மொரிஸுக்கு ஹில்மன் பல்லக் கட்டிட்டீங்களே."

அந்தக் காரின் முன் பம்பர் மொரிஸுடையதே இல்லை. அதன் சொந்தப் பம்பர் இருபது வருடத்துக்கு முன் எங்கேயோ இடித்து நசுங்கி வந்தது. மாற்றுப் பம்பர் கப்பலில் வர நாலு மாதம் ஆகும் என்றார்கள். உடைந்து கிடந்த ஒரு ஹில்மன் காரிலிருந்து கழற்றி மாட்டிக் கொடுத்தது இதே மொஹிதீன்தான். பதுளையில் ஒரு காரைப் பார்த்து அளவெடுத்தால் மூன்று காரின் அளவு வரும் என்றார். சிகரெட் பெட்டி அட்டையில் சரியான பம்பரை வரைந்து கொடுத்துவிட்டுப் போனார்.

நளீரா அட்டையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ஒரிஜினல் மாதிரியே இருக்கணும் என்று அந்த மனிதர் கேட்டது காதில் நின்றது. துறையூரில் கார் தெரிந்த ஒருவன் போதும். இது என்ன பம்பர் என்று ஒரு கேள்வி கேட்டால், இராக்கம்மாவைப் பார்த்து மறுபடியும் சிரிப்பார்கள். இடையில் ஒரே நாள். குடைக்கம்பியும் தீர்ந்துபோயிருந்தது.

புதன்கிழமை காலை ஷுக்ரி உள்ளே வந்தார். கையில் அவருடைய சொந்தக் குடை. வெளியே மழை இருட்டிக்கொண்டு நின்றது.

"எத்தின கம்பி வேணும்?" என்று கேட்டார்.

"ஒண்டு போதும். ஆனா குடை போயிடும்."

"போகட்டும். நேத்து நானும் அந்தச் சில்லச் சுத்திப் பாத்தேன்," என்றார் அவர், கூரையைப் பார்த்துக்கொண்டு. குடையைத் தானே பிரித்தார்.

அன்று மாலைக்குள் இரண்டாவது பம்பர், கொம்பு இரண்டோடு, காரில் ஏறிவிட்டது. பழையதை நளீரா ஒரு பட்டன் தாளில் மடித்து வைத்தாள்.

வியாழக்கிழமை காலை வீரய்யா நடந்து வந்தார். காரை முதல் நாளே தோட்டத்தில் ஒப்படைத்துவிட்டிருந்தார். பெரியாயி ரயில் நிலையத்தில் பெட்டிகளோடு உட்கார்ந்திருந்தாள். ரயிலுக்கு முக்கால் மணி நேரம் இருந்தது.

நளீரா காரை அவர் உள்ளங்கையில் வைத்தாள். வீரய்யா குனிந்தார். கண்ணாடி வழியே பின் சீட்டைப் பார்த்தார். அவர் வாய் தானாகத் திறந்துகொண்டது. சில்லு, கதவு, அந்தப் பச்சை, ஒவ்வொன்றையும் ஒரு விரலால் தொட்டுக்கொண்டே போனவரின் கை முன்பக்கத்தில் நின்றுவிட்டது.

"அம்மா," என்றார் தயங்கி. "இது வேற காருங்க."

தவறு நேர்ந்ததையும், மொஹிதீன் நானா சொன்னதையும், திருத்தியதையும் சொன்னாள். இதுதான் ஒரிஜினல் என்றாள். பட்டன் தாளைப் பிரித்துப் பழையதையும் காட்டினாள்.

வீரய்யா அதை எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்தார்.

"இதுதாங்க ஒரிஜினல்," என்றார். "அவ பொறந்த அன்னிக்குத்தான் அந்தக் கொம்பு வச்ச பம்பர் போச்சு. ரோட்டு முடக்குல பெரியாயி கத்துனா, நான் திரும்பிப் பாத்துட்டேன். கார் மண்மேட்டுல போய் இடிச்சு நின்னுச்சு. நின்ன எடத்துலதான் புள்ள பொறந்துச்சு. பம்பர மாத்தப்போறேன்னு மொஹிதீன் நானாகிட்ட விட்டப்ப ஏன் இடிச்சுச்சுன்னுகூட நான் சொல்லல, துரை காதுக்குப் போயிரும்னு." அவர் குரல் இறங்கியது. "கொம்பு வச்சது ஊருப்பட்ட கார்ல இருக்கும்மா. இது எம்மக பொறந்த கார்ல மட்டுந்தான் இருக்கு. கடையில செய்யிறவன் இப்பிடிச் செய்வானா? அவங்க கேக்கட்டும், ஏன் இந்தப் பம்பர் இப்பிடின்னு. அதுக்குத்தானே நான் போறேன்."

நளீரா கம்பி வெட்டும் கத்தரியை எடுத்தாள். காரைத் திருப்பி மடியில் வைத்தாள். பிரித்துத் தைப்பது அவளுக்குத் தினசரி வேலை. செம்புக் கம்பியை வெட்டி, கொம்புப் பம்பரை எடுத்துவிட்டு, துளைகளில் புதுக் கம்பியைக் கோத்தாள். கம்பி இரண்டு முறை வழுகியது. ஷுக்ரி வாசலில் நின்று சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார், வீதியைப் பார்த்தார். மூன்றாம் முறை முடிச்சு இறுகியது. பதினெட்டு நிமிடம் ஆகியிருந்தது.

வீரய்யா காரை வேட்டியொன்றில் சுற்றி, பாஸ்போர்ட் இருந்த பையிலேயே வைத்தார். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, மழையில் ரயில் நிலையத்துப் பக்கம் ஓட்டமும் நடையுமாகப் போனார். நல்ல குடை இல்லாததால் ஷுக்ரியும் நனைந்துகொண்டே கூடப் போனார். ரயில் புறப்பட்ட பிறகுதான் திரும்பினார்.

ஜூன் மாதம் துறையூரிலிருந்து கடிதம் வந்தது. காரைக் கூடத்தில் வைத்தபோது பன்னிரண்டு பேர் இருந்தார்கள் என்று வீரய்யா எழுதியிருந்தார். கார் தெரிந்த ஒருவர் பம்பர் மாறியிருக்கிறதே என்று முதலில் கேட்டாராம். அவர் கேட்டதும் வீரய்யா கதையைச் சொன்னாராம். சம்மந்தியம்மா அந்தப் பம்பரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இராக்கம்மாவைத் தன் பக்கத்தில் உட்காரச் சொன்னாளாம்.

அந்தக் கடிதத்தை நளீரா படித்தது பதுளை பஸ் நிலையத்தில், நின்றுகொண்டே. பொம்மை பஸ் ஒன்று பழுதுக்கு வந்திருந்தது. பத்து மணிக்குப் பசறை பஸ் வந்து நின்றதும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு அளக்கத் தொடங்கினாள். டேப்பின் மறுமுனையை ஷுக்ரி பிடித்துக்கொண்டார்.