உறைக்கு ஒரு கரண்டி தயிர்

அப்பாவின் கருமாதி முடிந்து உறவினர்களெல்லாம் பஸ் ஏறிய பிறகும் அம்மா இராச்சாப்பாட்டைத் தொடவில்லை. அழுகை அவ்வளவாக இல்லை. அவளுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: அவர் இப்போது எங்கே இருக்கிறார்? ஆன்மா உடம்பை விட்டுத் தன் கர்மத்தின்படி போகும் என்று மாத்தளை மாரியம்மன் கோயில் ஐயர் சொல்லியிருந்தார். போகும் சரி, போய்ச் சேர்ந்ததா, வழியில் நிற்கிறதா? அதை யாரும் சொல்லவில்லை.

நான் அந்த வருடம் ஆசிரியர் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். மறுபிறப்பு, முக்தி, நிர்வாணம் எல்லாம் நுனிநாக்கில். கேட்கிறாளே என்று விளக்கப் போனேன். அப்பாவைப் பற்றிக் கேட்டால் பரீட்சை எழுதிக் காட்டுகிறாயே என்றாள், வெங்காயம் உரித்தபடியே. எனக்கு மூக்குக்கு மேல் கோபம். புத்தகத்தோடு வெளியே போய்விட்டேன்.

அடுத்த வீட்டில் ஒரு சிங்களக் குடும்பம். அந்த வீட்டம்மாவை அம்மா ‘அக்கே’ என்பாள். அவர் அம்மாவைத் தங்கையாக வரித்து ‘நங்கி’ என்பார். எங்கள் அடுப்பு மூட்டாமல் கிடந்த நாட்களில் வேலிச் சந்து வழியாகச் சோறும் பருப்பும் வந்தது அவர் கையால்தான். அடுத்த பௌர்ணமிப் போயா தினத்தில் அலுவிகாரையின் புத்தர் கோயிலான பன்சலைக்குப் போய்விட்டு, வெள்ளைச் சேலையோடு நேரே எங்கள் குசினிக்குள் வந்தார். பிக்குமாருக்குத் தானம் கொடுத்த புண்ணியத்தில் அப்பாவுக்கும் பங்கு சேர்த்துவிட்டதாகச் சொன்னார். நான் நெகிழ்ந்துபோனேன். அம்மாவோ, அந்தப் புண்ணியம் அவர் ஆன்மாவுக்குப் போய்ச் சேர்ந்திருக்குமா என்று கேட்டாள்.

அக்கே ஆமாம் என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். ஆனால் பொய் சொல்ல மாட்டேன் என்று பன்சலையில் சீலம் எடுத்துவிட்டு வந்த நாள் அது.

"நங்கி, எங்க சமயத்துல ஆத்மான்னு ஒண்ணு இல்ல. செஞ்ச வினைதான் அடுத்த பிறப்புக்குத் தொடந்து போகும்."

"அப்ப அவரு இல்லவே இல்லையா?"

அக்கே தேத்தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்து போய்விட்டார். அத்தனை வருடப் பழக்கத்தில் அப்படி நடந்ததே இல்லை. அம்மா அன்றைக்கு வெறும் தண்ணீரோடு படுத்தாள். எனக்கு இரண்டு பேர்மீதும் எரிச்சல், சமயங்களை உண்டாக்கியவர்கள்மீது அதைவிட எரிச்சல்.

மறுநாள் வேலியருகே அக்கேயிடம் அம்மா சாப்பிடாமல் படுத்ததைச் சொன்னேன். சாயங்காலம் ஒரு சின்ன மண்சட்டியில் தயிரோடு வந்து நின்றார்.

அப்பாவுக்குத் தயிர் இல்லாமல் சோறு இறங்காது. முதல் நாள் தயிரில் ஒரு கரண்டி எடுத்து அம்மா தினமும் பாலுக்கு உறை ஊற்றுவாள். சாவு வீட்டில் அந்த உறை கெட்டுப்போனது. அதற்குப் பிறகு அம்மா தயிர் என்ற பேச்சையே எடுக்கவில்லை.

கடையில் வாங்கியதா என்று கேட்டாள், முகம் கொடுக்காமல்.

"கடையில எதுக்கு? எங்க மகள் கல்யாணத்தப்ப நீங்க குடுத்த உறதானே. அன்னையிலருந்து விடாம ஊத்துறேன்."

அம்மா விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். அந்தக் கல்யாண நாள் பாலில் ஒரு சொட்டுகூட அந்தச் சட்டியில் இருந்திருக்காது. ஆனால் புளிப்பு எங்கள் வீட்டுப் புளிப்பு. அவள் கண் கலங்கியதைப் பார்த்தே நான் தெரிந்துகொண்டேன்.

"அதே தயிரு இல்ல. ஆனா வேற தயிருன்னும் சொல்ல முடியாது" என்றாள் மெதுவாக.

அக்கே சிரித்துவிட்டார். பன்சலையில் பிக்கு ஹாமுதுரு மறுபிறப்பைப் பற்றி இதையேதான் சொல்வாராம். இவர் வருடக்கணக்காகத் தலையாட்டிவிட்டு வருவாரே தவிர, ஒன்றும் விளங்கியதில்லையாம். அம்மாவும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆன்மா இருக்கிறது, அதில் பேச்சுக்கே இடமில்லை என்று சொல்லிக்கொண்டே சோற்றைப் பிசைந்தாள். இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டாள். எனக்கு நிம்மதியில் பசியே எடுத்துவிட்டது.

படுக்கும் முன் பாலைக் காய்ச்சி உறை ஊற்றினாள். காலையில் கட்டியாக உறைந்திருந்தது. முதல் கரண்டியை அப்பாவின் படத்துக்கு முன்னால் வைத்தாள். பிறகு ஒரு கிண்ணம் நிறைய எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"அக்கேகிட்ட குடு. புண்ணியம் அவருக்குப் போய்ச் சேந்துருச்சுன்னு சொல்லு."