திருப்பிச் சொல்கிறவர்

மாமல்லபுரத்தில் கல் யானை செதுக்கி விற்கிறவர் அவர். முழங்கை வரை கல்தூசி, காதில் பாதி பென்சில். பள்ளிக்கூடம் போகாமலே பிரெஞ்சு பேசுவார். வெளிநாட்டுக்காரர்கள் வாயிலிருந்து புது வார்த்தை ஒன்று விழுந்தால், உடனே அதை உரக்கத் திருப்பிச் சொல்வார். அர்த்தம் பிறகு தானாக வரும் என்பார்.

கேளம்பாக்கத்தில் பிரெஞ்சு வகுப்புக்குப் போகிற எனக்கு அவர் வேகம் வராது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவரிடம் போய்ப் பேசிப் பழகுவேன். சென்ற மாதம் ஒரு புது வார்த்தை சொன்னேன். அவர் வாயைத் திறக்கவில்லை.

"என்னண்ணே, திருப்பிச் சொல்லலியா?"

"வுட்டுட்டேன் சார்" என்றார், யானையின் முதுகைத் துணியால் துடைத்தபடி. "போன வாரம் பிரெஞ்சுக்காரர் ஒருத்தர அலை இஸ்துகினு பூட்ச்சு. பாடி கரைக்கு வந்ததும், அவரு சம்சாரத்துக்கு விசயத்தச் சொல்லுன்னு என்னை இட்டுகினு போனாங்க. எனக்கு வெல சொல்லத் தெரியும், கல்லு பேரு தெரியும். செத்துட்டாருன்னு எப்டி சொல்றது? அந்தம்மாவே என் மூஞ்சியப் பாத்து ஒரு வார்த்த கேட்டாங்க. அத்த நான் அதுக்கு முன்னாடி கேட்டதேயில்ல."

"அப்புறம்?"

"பழக்கதோசம். திருப்பிச் சொல்லிட்டேன். அந்தம்மா அப்டியே மணல்ல உக்காந்துட்டாங்க. அப்பதான் சார் எனக்கு அர்த்தம் புரிஞ்சுது."

துணியை உதறிவிட்டு அடுத்த யானையை எடுத்தார்.

நான் அன்று சொன்ன வார்த்தைக்குத் தும்பி என்று அர்த்தம். அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.